கைராசியும் பொலிகாளையும்

சில டாக்டர்களுக்கு ஊரில் ‘கைராசிக்காரர்’ என்று பெயர் உண்டு. மாமாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார், இரண்டே மாதத்தில் மாடிப்படி ஏறிவிட்டார். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அவர்தான் செய்தார், ஒரு குறையும் இல்லை. இப்படி மூன்று சாட்சி சேர்ந்தால் பெயர் நிலைத்துவிடும். பெயர் கெடுவதும் இதே வேகத்தில்தான். ஒருவருக்குப் புண் ஆறாமல் சீழ் வைத்தால் போதும், அந்தத் தெருவே வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்.

கைராசியை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: ஒருவர் செய்த சில வேலைகளைப் பார்த்து, அவர் அடுத்துச் செய்யப்போகும் வேலையை எப்படிக் கணிப்பது? ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். முதல் டாக்டர் 12 பேருக்கு மூட்டு மாற்றியிருக்கிறார். ஒருவருக்கும் மறு அறுவை தேவைப்படவில்லை. இரண்டாமவர் 900 பேருக்குச் செய்திருக்கிறார். 18 பேருக்கு மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. முதல்வரின் தோல்வி பூஜ்ஜியம், இரண்டாமவருடையது 2 சதவீதம். யாரிடம் போவீர்கள்? பெரும்பாலோர் இரண்டாமவர் என்றே சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் ‘அனுபவம்’ என்பார்கள். அந்த உள்ளுணர்வை எண்ணாக மாற்றுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் அல்லர்; பசுக்களுக்குக் கணக்குப் போட்டவர்.

டாக்டர்கள் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை நிபுணர் இருந்தார். தோள்மூட்டைப் பற்றி 1934-இல் அவர் எழுதிய நூலை எலும்பு மருத்துவர்கள் இன்றும் மதிக்கிறார்கள். அவருக்கு ஒரு பிடிவாதம்: ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட வேண்டும், ஓராண்டு கழித்து அவரைத் தேடிப் பிடித்து என்ன ஆனார் என்று எழுத வேண்டும், சரியாகவில்லை என்றால் யார் தவறு என்றும் எழுத வேண்டும், அதை ஊரறிய வெளியிட வேண்டும். எந்த ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்ளும்? தகுதியைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பதவி கொடுக்கிறார்கள் என்று சொல்லி 1914-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையை விட்டு விலகினார். மறு ஆண்டு ஒரு மருத்துவக் கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்துவைத்தார். பணக்காரர்களான பேக் பே பகுதி வாசிகளைக் குறிக்கும் தீக்கோழி, மணலில் தலையைப் புதைத்தபடி டாக்டர்களை நோக்கிப் பொன்முட்டைகளை எட்டி உதைக்கிறது. நண்பர்கள் பலரை அன்றே இழந்தார். தாமே தொடங்கிய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளைப் பார்த்து, 123 பிழைகள் நேர்ந்தன என்று அச்சடித்து வெளியிட்டார். 1920-இல் எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு பதிவேடு தொடங்கினார்.

காட்மனிடம் நேர்மை இருந்தது, அட்டை இருந்தது. இல்லாமற்போனது ஒன்றுதான்: சின்ன எண்ணிக்கைகளை எப்படிப் படிப்பது என்ற கணக்கு. ஒரு டாக்டரின் அட்டைக்கட்டில் தென்படும் நல்லதும் கெட்டதும் எவ்வளவு அவர் திறமை, எவ்வளவு தற்செயல், எவ்வளவு அவரிடம் வந்த நோயாளிகளின் உடல்நிலை என்று பிரிப்பதற்கு அன்று வழியில்லை.

அந்த வழி அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற ஊரில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த வேளாண் கல்லூரியில் உருவாகிக்கொண்டிருந்தது. ஏம்ஸின் கதையைத் தனியாகவே ஒரு நூலாக எழுதலாம். பின்னாளில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியான ஹென்றி வாலஸ், 1924-இல் வேளாண் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது, அந்தக் கல்லூரிப் பேராசிரியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் புள்ளியியல் பாடம் எடுத்தார். துளையட்டை இயந்திரத்தால் கணக்குப் போடலாம் என்றும் செய்து காட்டினார். அந்த உற்சாகத்தில் ஜார்ஜ் ஸ்னெடகர் 1933-இல் புள்ளியியல் ஆய்வகத்தை நிறுவினார். புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரே 1931-லும் 1936-லும் கோடைகாலத்தில் வந்து தங்கிப் பாடம் சொன்னார். கால்நடைத் துறையில் ஜே லஷ், நல்ல மாட்டைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலத்துக்கு முடிவு கட்டிக்கொண்டிருந்தார். நம் ஊரில் சுழி பார்ப்பதைப் போல அங்கும் கொம்பையும் நிறத்தையும் முதுகின் நேர்க்கோட்டையும் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அதற்கும் பாலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது லஷின் கட்சி.

காளை விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். காளை பால் கறக்காது. அதன் தரத்தை அதன் மகள்களின் கறவையை வைத்துத்தான் அறிய முடியும். மகளுக்குப் பாதி மரபணு தாயிடமிருந்து வருகிறது. மரபு போகக் கறவையில் மிச்சத்தைத் தீர்மானிப்பவை தீவனம், தொழுவம், வெயில், கறப்பவர் கை. ஒரே இனத்துப் பசுக்களுக்குள் பால் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால்பங்குதான் மரபால் வருவது. ஐந்து மகள்கள் மட்டும் உள்ள ஒரு காளையின் மகள்கள் சராசரியைவிட 800 லிட்டர் கூடுதலாகக் கறந்தால், அது காளையின் பெருமையா, அந்த ஐந்து பசுக்களின் அதிர்ஷ்டமா?

சார்ல்ஸ் ஹெண்டர்சன் இந்தக் கேள்வியோடுதான் ஏம்ஸில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 1911-இல் அயோவாவிலேயே பிறந்தவர். அலெக்சாண்டர் மூட் நடத்திய வகுப்பில் ஒரு பயிற்சிக் கணக்கு வந்தது. பின்னர் மூடின் பாடநூலிலும் இடம்பெற்றது. மாணவர்களின் நுண்ணறிவு எண் 100-ஐச் சராசரியாகவும் 15-ஐத் திட்ட விலக்கமாகவும் கொண்டது. தேர்வின் பிழைக்குத் திட்ட விலக்கம் 5. ஒரு மாணவன் 130 எடுக்கிறான். அவனது உண்மையான எண் என்ன? 130 என்பது விடை அன்று என்று கேள்வியிலேயே குறிப்பு இருந்தது. தம் சிந்தனையைத் திருப்பிவிட்டது இந்தக் கணக்குதான் என்று ஹெண்டர்சன் பிற்காலத்தில் எழுதினார்.

விடை 127. மாணவர்களுக்கிடையே உள்ள மெய்யான வேறுபாட்டின் அளவு 15-இன் வர்க்கம், 225. தேர்வுப் பிழையின் அளவு 5-இன் வர்க்கம், 25. மொத்தம் 250, அதில் 225 என்பது பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே சராசரியைத் தாண்டி அவன் எடுத்த 30 மதிப்பெண்ணில் பத்தில் ஒன்பது பங்கை, 27-ஐ, நம்பலாம். மீதி 3 தற்செயல். 130 எடுத்தவர்களில் அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்தவர்கள் துரதிர்ஷ்டசாலிகளைவிட அதிகம். காரணம், உண்மையில் 125 உள்ளவர்கள் உண்மையில் 135 உள்ளவர்களைவிட எண்ணிக்கையில் கூடுதல். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல்தான்.

காளைக்கு இதைப் பொருத்தினால், மரபின் பங்கு கால்வாசி என்னும்போது சூத்திரம் அழகாகச் சுருங்குகிறது. மகள்களின் எண்ணிக்கையை, அதோடு 15 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அதுதான் நம்பகப் பங்கு. ஐந்து மகள்கள் என்றால் 20-இல் 5, அதாவது கால். 800 லிட்டர் சுருங்கி 200 ஆகிவிடும். இன்னொரு காளைக்கு 135 மகள்கள். சராசரியைவிட 400 லிட்டர்தான் கூடுதல். ஆனால் அதன் நம்பகப் பங்கு 150-இல் 135, பத்தில் ஒன்பது. 400 சுருங்கி 360-இல் நிற்கும். வாங்க வேண்டியது இரண்டாவது காளையின் சினை ஊசியை.

இதுவரை வந்தது லஷ் காலத்திலேயே ஓரளவு தெரிந்ததுதான். ஹெண்டர்சனின் உண்மையான சாதனை இதற்கு அடுத்த சிக்கலில் இருக்கிறது. மகள்கள் ஒரே பண்ணையில் இருப்பதில்லை. வசதியான பண்ணைக்காரர் விலையுயர்ந்த காளையைத் தேடுகிறார், நல்ல தீவனமும் போடுகிறார். அப்படியானால் பால் கூடியது காளையாலா, தீவனத்தாலா? பண்ணையின் தரத்தை அறியக் காளையின் தரம் தெரிய வேண்டும். காளையின் தரத்தை அறியப் பண்ணையின் தரம் தெரிய வேண்டும். ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதற்குப் போக முடியாது. எல்லாப் பண்ணைகளையும் எல்லாக் காளைகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் வைத்து ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். 1948-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன ஹெண்டர்சன் அந்தச் சமன்பாடுகளை எழுதினார். 1950-இல் அவர் சொன்ன நிரூபணம் கணிதப்படி கோணலானது. விடை மட்டும் சரி! நியூசிலாந்திலிருந்து வந்து சேர்ந்த ஷேல் சர்ல் போன்றவர்களின் துணையோடு 1959-இல்தான் அது நேர்செய்யப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இந்த முறையைப் ‘பிளப்’ என்கிறார்கள்.

எழுதிவிடலாம், தீர்ப்பது யார்? ஆயிரம் காளைகள் என்றால் காளைக்கு மட்டுமே ஆயிரம் தெரியாக் கணியங்கள். நேரடியாகத் தீர்க்கப் புகுந்தால், கணியங்கள் இரு மடங்கானால் வேலை எட்டு மடங்காகும். இதே ஏம்ஸில், இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில், ஜான் அட்டனசாஃபும் கிளிஃபர்ட் பெரியும் 1939 முதல் 1942 வரை மின்னணுக் கணினி ஒன்றைக் கட்டினார்கள் என்பது கணினி வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்காது: ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க. அதிகபட்சம் 29 சமன்பாடுகள். இடைநிலை விடைகளை அட்டையில் பொறிக்கும் பகுதி அவ்வப்போது பிழை செய்ததால், பெரிய கணக்குகளுக்கு அதை நம்ப முடியவில்லை. போர் வந்தது, அட்டனசாஃப் கடற்படை வேலைக்குப் போனார், இயந்திரத்தைப் பிற்காலத்தில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1973-இல் ஒரு நீதிமன்றம், மூலக்கருத்து அட்டனசாஃபுடையது என்று சொல்லி எனியாக் கணினியின் காப்புரிமையை ரத்து செய்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஆக, 1950-இல் எழுதிய முறைக்குக் கணினி வந்து சேர 20 ஆண்டு ஆயிற்று. 1970-இல்தான் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் காளைகளுக்குக் கார்னெலில் பிளப் முறையில் மதிப்பீடு தொடங்கியது. அப்போதும் ஒரு தடை இருந்தது. காளைகள் ஒன்றுக்கொன்று உறவு: அப்பன், மகன், ஒன்றுவிட்ட சகோதரன். அந்த உறவையெல்லாம் சேர்த்தால் மதிப்பீடு இன்னும் கூர்மையாகும். ஆனால் யாருக்கு யார் எவ்வளவு உறவு என்ற அணி மிகப் பெரியது. சமன்பாட்டுக்குத் தேவைப்படுவதோ அதன் நேர்மாறு அணி. லட்சம் மாடுகளுக்கு அதை எந்தக் கணினியில் போடுவது?

1976-இல் ஹெண்டர்சன் கண்டதை, என் கணக்கில், இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். உறவு அணியை உருவாக்கவே வேண்டாம். அதன் நேர்மாறை நேரடியாக எழுதிவிடலாம். ஒரு மாட்டின் தாய் தகப்பன் இருவரையும் அறிந்துவிட்டால், அதன் மரபைப் பற்றித் தாத்தா பாட்டி புதிதாக எதுவும் சொல்வதில்லை. அவர்கள் சொல்லக்கூடியது பெற்றோர் வழியாகவே வந்துவிட்டது. அதனால் நேர்மாறு அணியில் ஒவ்வொரு மாட்டுக்கும் தன் இடம், தாயின் இடம், தந்தையின் இடம் ஆகியவற்றில் ஒன்பதே எண்களைக் கூட்டினால் வேலை முடிந்தது. மற்றவையெல்லாம் பெரும்பாலும் பூஜ்ஜியம். வம்சாவளிப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தால் போதும். 1989-இல் அமெரிக்க வேளாண் துறை நாட்டிலுள்ள கறவைப் பசுக்களையும் காளைகளையும் ஒன்றாக இந்த முறையில் மதிப்பிடத் தொடங்கியது.

பலன் சிறியதல்ல. 1950-இல் அமெரிக்கப் பசு ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 2,400 கிலோ பால் கறந்தது. 2020-இல் 10,800 கிலோ. தீவனமும் நிர்வாகமும் அதில் பங்காளிகள். ஆனால் மரபுத் தேர்வின் பங்கு பெரியது. கூடவே ஒரு கேடும் வந்தது. பாலை மட்டும் அளந்தார்கள், பால் மட்டும் ஏறியது. சினை பிடிக்கும் திறன் இறங்கியது. பசு பண்ணையில் எத்தனை காலம் நிலைக்கிறது என்பதை 1994-லும், மகள்களின் சினைத்திறனை 2003-லும் மதிப்பீட்டில் சேர்த்த பிறகுதான் சரிவு நின்றது.

இப்போது இடுப்பு மூட்டுக்குத் திரும்பலாம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1950-களின் இறுதியில் மூட்டுக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். வழுக்கும் பொருள், உராய்வே இல்லை, தொடக்கத்தில் நோயாளிகள் துள்ளி நடந்தார்கள். சுமார் 300 பேருக்குப் பொருத்திய பிறகு, சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள் சதையை அரித்தது. பொருளின் விளைவை அறியத் தம் தொடையிலேயே அதைப் புகுத்திச் சோதித்துப் பார்த்தார் அவர். 1962 நவம்பரில் பாலிஎதிலீனுக்கு மாறினார், மூட்டு நிலைத்தது. அந்த 300 பேரும் ஒரே மனிதரின் கண்பார்வையில் இருந்ததால் உண்மை சீக்கிரம் தெரிந்தது. உலகெங்கும் ஆயிரம் டாக்டர்கள் ஆளுக்குப் பத்துப் பேருக்குப் பொருத்தியிருந்தால்? ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு தோல்வியைப் பார்த்து, தம் கைப்பிழை என்றோ நோயாளியின் விதி என்றோ கடந்து போயிருப்பார்கள்.

இதற்காகத்தான் தேசியப் பதிவேடுகள் வந்தன. ஸ்வீடன் 1975-இல் முழங்காலுக்கும் 1979-இல் இடுப்புக்கும் தொடங்கியது, ஆஸ்திரேலியா 1999-இல், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-இல். இங்கே பண்ணைக்குப் பதில் ஆஸ்பத்திரி, காளைக்குப் பதில் டாக்டரும் மூட்டு வகையும், கறவைக்குப் பதில் மூட்டு எத்தனை ஆண்டு தாங்கியது என்ற கணக்கு. பின்னல் அதே பின்னல். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிக்கலான நோயாளிகள் போகிறார்கள். தேர்ந்த டாக்டர் புது வகை மூட்டை முதலில் எடுக்கிறார். ஏ.எஸ்.ஆர். என்ற உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு பழுதானபோது, கிண்ணத்தைப் பொருத்திய கோணம் சரியில்லை என்று டாக்டர்கள் பக்கம் விரல் நீண்டது. அந்த மூட்டில் மறு அறுவை அதிகம் என்பதை 2007-லேயே ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிவிட்டது. பல கைகள், பல ஆஸ்பத்திரிகள், ஒரே மூட்டு: கையைப் பிரித்துப் பார்த்தாலும் குறை மூட்டில் நின்றது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் விற்பனையான சுமார் 93,000 மூட்டுகளைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

தொடக்கத்தில் பார்த்த இரண்டு டாக்டர்களுக்கும் கணக்கு முடித்துவிடுவோம். பொதுச் சராசரித் தோல்வி 3 சதவீதம் என்றும், டாக்டர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் அந்தச் சராசரிக்கு 200 நோயாளிகளின் எடை உண்டு என்றும் கொள்வோம். 200-இல் 3 சதவீதம் 6 தோல்வி. முதல்வருக்கு 212-இல் 6, அதாவது 2.8 சதவீதம். இரண்டாமவருக்கு 1,100-இல் 24, அதாவது 2.2. உள்ளுணர்வு சொன்னதைக் கணக்கும் சொல்கிறது.

ஆனால் காளைக் கணக்கை அப்படியே டாக்டர் மேல் ஏற்றுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சுருக்கும்போது, குறைவாக அறுவை செய்யும் மோசமான டாக்டரும் சராசரிக்காரராகத் தெரிவார். காளைத் தேர்வில் அது பெரிய நஷ்டமில்லை; சிறந்ததைத்தான் தேடுகிறோம், நடுவில் இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. ஆஸ்பத்திரியில் தேட வேண்டியது ஆபத்தை. தவிர, குறைவாகச் செய்பவர்களின் பலன் பொதுவாகவே சற்று மட்டம் என்பது மூட்டு மாற்றில் பலமுறை காணப்பட்டது. அப்படியிருக்க, 12 பேருக்குச் செய்தவரை எல்லா டாக்டர்களின் சராசரியை நோக்கி இழுப்பது அவருக்குக் காட்டும் சலுகை. இதற்கும் மாட்டுக்காரர்கள் முன்பே பரிகாரம் கண்டிருக்கிறார்கள்: பெற்றோர் தெரியாத மாடுகளைப் பிறந்த ஆண்டு, நாடு எனக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தின் சராசரியை நோக்கி மட்டும் சுருக்குவார்கள். டாக்டர்களையும் அப்படித்தான் செய்ய வேண்டும். தரவரிசைப் பட்டியலை நான் நம்புவதில்லை. எண்ணிக்கை குறைந்த இடத்தில் அகன்றும் கூடிய இடத்தில் ஒடுங்கியும் போகும் புனல் வரைபடத்தை இங்கிலாந்தின் பதிவேடு பயன்படுத்துகிறது. அதற்கு வெளியே விழுபவரைக் கூப்பிட்டு விசாரிப்பது 17-ஆம் இடம், 18-ஆம் இடம் என்று எண் போடுவதைவிட நியாயமானது.

பால் மட்டும் அளந்த தவறும் இங்கே காத்திருக்கிறது. பதிவேடு எண்ணுவது மறு அறுவையை. வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர் அதில் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுவார். நடக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா என்று நோயாளியையே கேட்டு மதிப்பெண் போடும் வழக்கத்தை இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை 2009-இல் மூட்டு மாற்றுக்குக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு ஏ.எஸ்.ஆர். மூட்டு பொருத்தப்பட்டது. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பின் அவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கு எது பொருத்தப்பட்டது என்ற கணக்கு இல்லை. உங்கள் வீட்டில் மூட்டு மாற்றிக்கொண்டவர் இருந்தால், டிஸ்சார்ஜ் காகிதங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். மூட்டு வந்த பெட்டியில் அதன் பெயர், அளவு, வரிசை எண் அச்சடித்த ஒட்டுச்சீட்டு இருக்கும். அது காகிதத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வையுங்கள்.